வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு நாள்: யாருடைய வரலாறு?



விடுமுறை நாளில் அருங்காட்சியகத்திற்குப் போகலாம் என்றால் பல வீடுகளில் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஓர் உடைந்த பானை, பக்கத்தில் ‘தொடாதீர்’ என்றொரு பலகை. அருங்காட்சியகம் என்றால் இவ்வளவுதான் என்று நாமும் பழகிவிட்டோம்.

ஆனால் ஒரு பழைய ஊரையே நிறுத்திவைத்து, அந்தக் காலத்து உடையில் ஆட்கள் வேலை செய்ய, வருகிறவர்கள் தெருத் தெருவாக நடந்து பார்க்கும் திறந்தவெளி அருங்காட்சியகங்களும் உலகில் உண்டு. 1891-ஆம் ஆண்டு சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் திறந்த ஸ்கான்சன் இவற்றுக்கு முன்னோடி. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து அங்கே மீண்டும் எழுப்பினார் அவர்.

இன்று நாம் போகவிருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்பர்க். வரலாற்றை எப்படிக் காட்டுவது என்பதற்கு மட்டுமல்ல, யாருடைய வரலாற்றைக் காட்டுவது என்பதற்கும் இந்த ஊர் ஒரு பாடம்.

மீண்டெழுந்த தலைநகரம்

1699 முதல் 1780 வரை, பிரிட்டிஷாரின் ஆட்சியிலும் அதன்பின் விடுதலைப் போரின் தொடக்க ஆண்டுகளிலும், வர்ஜீனியாவின் தலைநகரமாக இருந்தது வில்லியம்ஸ்பர்க். தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியதும் இந்த ஊர் மங்கியது. 1781-இல் ஆளுநர் மாளிகை தீக்கிரையானது. ஊரை மீட்க வேண்டும் என்று கனவு கண்டவர் உள்ளூர்ப் பாதிரியார் குட்வின். பணம் கொடுத்தவர் கோடீசுவரர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர். 1926-இல் இவர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

பிற்காலத்தில் எழுந்த எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அகற்றப்பட்டன. எண்பதுக்கும் அதிகமான பழைய கட்டடங்கள் செப்பனிடப்பட்டன. அழிந்துபோன மாளிகையை எந்த ஆதாரத்தை வைத்துக் கட்டுவது? 1929-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் ஒரு செப்புத் தகடு கிடைத்தது. அதில் வில்லியம்ஸ்பர்க்கின் முக்கியக் கட்டடங்கள் செதுக்கப்பட்டிருந்தன. அந்தத் தகட்டையும், தாமஸ் ஜெபர்சன் வரைந்து வைத்திருந்த தரைப்படத்தையும், மண்ணுக்குள் இருந்த அடித்தளத்தையும் ஒப்பிட்டு மாளிகையை எழுப்பினார்கள். 1934-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

கையால் கற்கும் பாடம்

காலையில் பெரிய தெருவில் கால் வைத்தால் கார்களைக் காண முடியாது. குதிரை வண்டிதான் ஓடும். கொல்லன் பட்டறையில் ஆணி ஒவ்வொன்றாக அடிக்கப்படுகிறது. கடையில் ஒரு பொட்டலம் ஆணி வாங்கிப் பழகிய நமக்கு, ஒரு வீடு எழும்ப எத்தனை ஆயிரம் முறை சம்மட்டி விழுந்திருக்கும் என்பது அங்கே நின்றால்தான் புரியும். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைத் தலைகீழாகக் கோக்கிறார்கள். பொய்முடி செய்பவர் குதிரை முடியையும் மனித முடியையும் பிரித்துக் காட்டுகிறார். கோடைக் காலத்தில் செங்கல் சூளைப் பக்கம் போனால், பிள்ளைகள் வெறுங்காலால் களிமண் மிதிக்கலாம்.

இவர்களை வெறும் நடிகர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து தொழிலைக் கற்றவர்கள். அவர்கள் அடிக்கும் ஆணியும் சுடும் செங்கல்லும் அந்த ஊரின் கட்டட வேலைக்கே பயன்படுகின்றன.

ஊரில் பாதிப் பேர் எங்கே?

நண்பகலில் ராலே விடுதியின் முன் நின்று பார்ப்போம். 1769-லும் 1774-லும் ஆளுநர் சட்டமன்றத்தைக் கலைத்தபோது, உறுப்பினர்கள் கூடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டது இந்த விடுதியில்தான். விடுதலை முழக்கம் எழுந்த இடம் என்று அமெரிக்கர்கள் பெருமைப்படுகிறார்கள். அதே விடுதியின் வாசலில்தான் மனிதர்களை ஏலம் போட்டும் விற்றார்கள்.

அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய காலத்தில் வில்லியம்ஸ்பர்க்கின் மக்கள் தொகை ஏறத்தாழ 2,000. அவர்களில் பாதிப் பேர் கறுப்பர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். 1774-இல் கூடிய முதல் காங்கிரஸ் பேரவையின் தலைவர் பெய்டன் ராண்டால்பின் வீடு இன்றும் அங்கே நிற்கிறது. அவர் இறந்தபின் எழுதப்பட்ட சொத்துப் பட்டியலில், நாற்காலி மேசைகளோடு அந்த வீட்டிலிருந்த 27 அடிமைகளும் சொத்தாகக் கணக்கிடப்பட்டார்கள்.

அருங்காட்சியகம் தொடங்கிப் பல ஆண்டுகள் வரை இந்தப் பாதிப் பேர் அங்கே ஏறக்குறையக் காணப்படவே இல்லை. மாளிகையைக் காட்டினார்கள், சமையல்கட்டில் நெருப்போடு கிடந்தவர்களைச் சொல்லவில்லை. 1979-இல்தான் கறுப்பின நடிப்புக் கலைஞர்கள் தம் முன்னோரின் வாழ்க்கையை நடித்துக் காட்டத் தொடங்கினார்கள்.

1994 அக்டோபர் 10-ஆம் தேதி, ஓர் அடிமை ஏலத்தையே தெருவில் நடத்திக் காட்டினார்கள். முன்னின்று நடத்தியவர் கிறிஸ்டி கோல்மன் என்ற கறுப்பினப் பெண்மணி. தாமே ஏலம் போகும் பெண்ணாகவும் நின்றார். எங்கள் வேதனையை வேடிக்கை ஆக்குவதா என்று கறுப்பின உரிமை அமைப்புகள் எதிர்த்தன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் முன்னால் ஒரு குடும்பம் பிரிக்கப்படுவதைக் காட்டுவது எளிதான காரியமா? ஆனால் எதிர்க்க வந்தவர்களில் ஒருவரே, பார்த்து முடித்தபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தார் ரோட்டுக்கு அடியில்

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1776-இல் அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பர்களும் சேர்ந்து அந்த ஊரில் ஒரு பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார்கள். பிறகு அவர்களுக்கென ஒரு தேவாலயமும் எழுந்தது. 1950-களின் நடுவில் அந்த நிலம் அருங்காட்சியக அறக்கட்டளையின் கைக்குப் போனது. 1856-இல் கட்டிய தேவாலயம் இடிக்கப்பட்டது. பின்னர் அந்த இடத்தில் தார் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். வரலாற்றைக் காக்க வந்தவர்களே ஒரு வரலாற்றின் மேல் தார் ஊற்றினார்கள்.

2020-இல், சபையின் வழித்தோன்றல்களோடு சேர்ந்து அதே அறக்கட்டளை அங்கே தோண்டத் தொடங்கியது. முதல் தேவாலயத்தின் அடித்தளமும், அறுபதுக்கும் மேற்பட்ட புதைகுழிகளும் வெளிப்பட்டன. 1760 முதல் 1774 வரை கறுப்பினப் பிள்ளைகள் படித்த பிரே பள்ளிக் கட்டடமும் அதே ஆண்டு அடையாளம் காணப்பட்டது. 2023-இல் அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, 2025-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அடிமைத்தனத்தை ஏற்று அடங்கி நடக்கச் சொல்லிக் கொடுத்த பள்ளி அது. ஆனாலும் அங்கே படிக்கக் கற்ற பிள்ளைகள் தங்கள் சிந்தனையையும் வளர்த்துக்கொண்டார்கள்.

நமக்கும் ஒரு கேள்வி

நேயர்களே, அடிமை முறையும் நம் முன்னோர் பட்ட தோட்டப்பாடும் ஒன்றல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான். துரையின் பங்களா பல இடங்களில் அழகாகப் பாதுகாக்கப்படுகிறது. பெரட்டுக் களமும், ஆயாக் கொட்டகையும், பத்தடி அறைக்குள் ஒரு குடும்பமே வாழ்ந்த லயத்து வீடும் எங்கே? தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது அவற்றை அளந்து வைத்தவர்கள் எத்தனை பேர்?

கோடி கொட்டி ஊரை எழுப்ப நம்மால் முடியாமல் இருக்கலாம். ஆனால் பால்வெட்டுக் கத்தியை எப்படிப் பிடிப்பது, மங்கை எந்த உயரத்தில் கட்டுவது, விடியற்காலை எத்தனை மணிக்குப் பெரட்டு என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வில்லியம்ஸ்பர்க் தன் பாதி மக்களைத் தேடி மண்ணைத் தோண்ட வேண்டி வந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.