கியர் போடுறது யாரு?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நண்பரின் புது ஆட்டோமேட்டிக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து மாமா ஆரம்பித்துவிட்டார். "கிளட்ச் இல்லாம ஓட்டுறதெல்லாம் ஒரு டிரைவிங்காடா? ரேஸ் ஓட்டுறவன் எவனாவது இப்படி ஓட்டுவானா?" இதே ரூட்டில் இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். டபுள் கிளட்ச் போட்டு, சத்தமே வராமல் கியரை இறக்குவார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

ரேஸ்காரன் 1989லேயே கிளட்ச்சை விட்டுவிட்டான், மாமா.

அந்த வருஷம் ஃபெராரி 640 காரை வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட். அவருடைய கவலை வேகமாக கியர் மாற்றுவது மட்டுமில்லை, இடமும்தான். கியர் கம்பிக்கும், அதிலிருந்து பின்னால் கியர்பாக்ஸ் வரை போகும் தண்டுகளுக்கும் இடம் விட்டால் காக்பிட் அகலமாகும், காற்று தடுக்கும். அதனால் கம்பியையே எடுத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகளை வைத்தார். விரலால் இழுத்தால் மின்னணுக் கருவி உத்தரவு கொடுக்கும், எண்ணெய் அழுத்தம் கியரை மாற்றும். கிளட்ச் பெடல் வண்டியைக் கிளப்ப மட்டும்.

சோதனை ஓட்டங்களில் வண்டி நின்று நின்று போனது. பிரேசிலில் முதல் பந்தயம். எப்படியும் பாதியில் நின்றுவிடும் என்று நைஜல் மான்செல் ஊர் திரும்ப சீக்கிரக் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டு வைத்திருந்தாராம். மார்ச் 26 அன்று ஜெயித்துவிட்டார்! ஆனால் அடுத்த நான்கு பந்தயங்களில் ஒன்றைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. பழி கியர்பாக்ஸ் மேல் விழுந்தது. உண்மையில் பல தடவை மக்கர் பண்ணியது அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் பக்கம்தான். 90களின் நடுவில் ஃபார்முலா 1 முழுக்கவே துடுப்புக்கு மாறியிருந்தது.

ஆனா ஒண்ணு, இது மாமா திட்டும் ஆட்டோமேட்டிக் இல்லை. எப்போது மாற்றுவது என்பதை டிரைவர்தான் முடிவு செய்கிறார். இடையில் சில வருஷம் கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. 2004இல் தடை செய்துவிட்டார்கள். அதனால் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஒவ்வொரு கியரையும் தன் விரலால்தான் மாற்றினார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், மாருதி 800 எஞ்சின் போட்ட ஃபார்முலா மாருதியில் கம்பி கியர் போட்டுப் பழகியவர் அவர். (அந்த வருஷம் அமெரிக்காவில் நாலாவதாக வந்தாரே, அன்றைக்கு ஓடியது ஆறே கார்.)

சாலைக்கு இது 1997இல் ஃபெராரி எஃப்355 வழியாக வந்தது. பிறகு இரட்டைக் கிளட்ச்: ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது இன்னொரு கிளட்ச்சில் தயாராக நிற்கும். எந்தக் கையும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. 2013இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரை அதோடு மட்டுமே விற்றது. வாங்குகிறவர்களே முணுமுணுத்தார்கள். 2016இல் கம்பி கியரோடு 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தார்கள், சுடச்சுட விற்றது. மறுவருஷமே ஜிடி3க்கும் கம்பி திரும்பி வந்தது. வேகத்துக்காக இல்லை, கைக்கும் காலுக்கும் வேலை வேண்டும் என்பதற்காக.

இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த ஃபெராரி வண்டி வழியில நின்னுதா, இல்லியா?"

நாலு ரேஸில் நின்றது என்றேன்.

"அதான்."