காசி மாநகரின் வீட்டுவரிக் கிளர்ச்சி

காசி என்றவுடன் கங்கையும் விசுவநாதர் ஆலயமுமே நம் நெஞ்சில் தோன்றும். வீட்டுவரியை எதிர்த்து அம்மாநகரம் ஒருங்கே திரண்ட வரலாற்றை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

1810ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் 15ஆம் ஒழுங்குவிதியால் காசி உள்ளிட்ட பல நகரங்களில் வீட்டுவரி விதித்தனர். குடியிருப்பு வீடாயின் ஆண்டு வாடகையில் நூற்றுக்கு 5 பங்கு, கடையாயின் 10. வாடகைக்கு விடப்பட்ட வீட்டிற்குக் கணக்கு எளிது. உரியவரே வாழும் வீட்டிற்கோ, அயலிலுள்ள அத்தகைய வீடுகளின் வாடகையை நோக்கி ஒரு தொகை கற்பிக்கப்பட்டது. கைக்கு வாராத வாடகைக்குக் கைப்பணத்தால் வரி! கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கே இக்கணக்கு வியப்பளிக்கிறது.

அவ்வாண்டு டிசம்பரில் கடைகள் அடைபட்டன. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு நகர்ப்புறத்து வெளிகளில் இரவும் பகலும் அமர்ந்தனர். கொல்லர்கள் அயலூர்களிலிருந்த தம் இனத்தாரையும் அழைத்தனர். படகோட்டிகளும் தொழிலை நிறுத்தினர். ஈமக்கடன் செய்வாரின்றிப் பிணங்கள் கங்கையில் விடப்பட்டன என்று அதிகாரிகளின் கடிதங்கள் கூறுகின்றன. காசியில் இதனினும் கொடிய நிலை வேறென்ன இருத்தல் கூடும்?

அவர்கள் அளித்த விண்ணப்பமே நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது. முன்னாள் அரசர்கள் நிலத்திற்கு வரி கொண்டனரேயன்றி, வழிவழியாகவோ கைம்மாறியோ வந்த குடியிருப்பின்மேல் கை வைத்ததில்லை என்றனர். தெருக்கதவுக்கும் இரவுக்காவலுக்கும் தாமே பணம் தொகுத்து வருவதையும் எடுத்துக் காட்டினர். வேண்டுகோளின் நடை பணிவற்றது என்று நீதிமன்றம் அதனைத் தள்ளியது. காரணம் நன்று!

1811 ஜனவரியில் சமயத்தாரின் இல்லங்களுக்கும் மிக எளியோர் குடிசைகளுக்கும் அரசு விலக்களித்தது. காசி மன்னர் இடைநின்று கூறிய பின்னரே கூட்டம் கலைந்தது. 1812இல் அவ்வொழுங்குவிதியே நீக்கப்பட்டது.

ஆயினும் வாடகையை அடியாகக் கொண்ட மதிப்பீடு அதனோடு மறையவில்லை. நாம் வாழும் தில்லியில் அது நெடுங்காலம் நிலவியது. சட்டப்படியான நியாய வாடகைக்கு மேல், உரியவர் குடியிருக்கும் வீட்டையும் மதிப்பிடலாகாது என்று 1979இல் உச்சநீதிமன்றம் வரம்பு கட்டியது. 2004 முதல் தில்லி மாநகராட்சி வாடகையை விடுத்து, குடியிருப்புப் பகுதிகளை 8 வகைகளாகப் பிரித்து, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று மதிப்பு வகுத்துளது. கட்டடத்தின் அகவை, பயன்பாடு, குடியிருப்போர் யார் என்பவற்றைச் சேர்த்து வீட்டுக்காரரே வரியைக் கணக்கிட்டுச் செலுத்துகிறார்.