தூண்டிற்கயிறும் அதன் அளவையும்

வட அமெரிக்காவின் பேரேரிகளிலும் அவற்றைச் சூழ்ந்த ஆறுகளிலும் மஸ்கெலஞ் என்னும் மீன் வாழ்கிறது. மஸ்கி என்பது அதன் சுருக்கப் பெயர். நான்கடிக்கு மேலும் வளரக்கூடிய இம்மீன், நீர்ப்பாசிகளிடையே நம் விராலைப் போல அசைவின்றிக் காத்திருந்து, இரை நெருங்கியதும் பாய்ந்து கவ்வும். விஸ்கான்சின் மாநிலம் 1955-ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில மீனாக ஏற்றது. பதினாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒரு முறை அகப்படுவது என்று அந்நாட்டார் இதனைப் பற்றிக் கூறுவர். இத்தகைய மீனை ஈத்தூண்டிலால் பிடிக்க விரும்புவோர் எந்தக் கோலையும் கயிற்றையும் தேர்ந்துகொள்வது? விடை வரலாற்றில் இருக்கிறது.

ஈத்தூண்டில் என்பது, முள்ளின்மீது இறகும் மயிரும் கட்டிப் பூச்சியைப் போலவோ சிறு மீனைப் போலவோ செய்யப்படுவது. மற்றத் தூண்டில்களில் ஈயக் குண்டு முதலியவற்றின் கனம் கயிற்றை இழுத்துச் செல்லும். இங்கோ, இறகு கட்டிய முள்ளுக்குக் கனம் மிகக் குறைவு. ஆதலின் கயிற்றின் கனமே முள்ளைச் சுமந்து செல்ல வேண்டும். கோல் வளைந்து நிமிர்ந்து அக்கயிற்றை உந்துகிறது. இதனை மனத்திற் கொண்டால் பின் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர், மாசிடோனிய மக்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலும் இறகும் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்தார். கோலும் ஆறடி, கயிறும் ஆறடி. 1496-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல், குதிரை வால்மயிரைத் திரித்துக் கயிறு செய்யும் முறையைக் கற்பித்தது. பின்னர் எண்ணெய் ஊட்டிய பட்டுக்கயிறு வந்தது. அது கனமானது, தொலைவுக்குச் சென்றது.

கோலும் உடன் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்துச் சாமுவேல் பிலிப்பி மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார். அக்காலத்து அமெரிக்கர் பயன்படுத்திய மூங்கில் நம் நாட்டிலிருந்து சென்றது. கல்கத்தா மூங்கில் என்றே அதனை அழைத்தனர். பின்னர்ச் சீனத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. கொரியப் போரை ஒட்டி 1950-இல் அமெரிக்கா சீன வணிகத்தைத் தடை செய்யவே, கண்ணாடி இழைக் கோல்கள் மேலும் பரவின. 1970-களில் கரி இழைக் கோல் தோன்றியது.

இனி அளவையைப் பார்ப்போம். பட்டுக் காலத்தில் கயிற்றை அதன் பருமனால் அளந்தார்கள். ஒவ்வொரு பருமனுக்கும் ஓர் எழுத்து. ‘எச்’ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. ‘சி’ என்றால் 50 பங்கு. எல்லாக் கயிறும் பட்டாக இருந்தவரை பருமன் ஒன்றானால் கனமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் குழப்பம் எழவில்லை. நைலான் வந்தபின் நிலைமை மாறியது. அது பட்டினும் இலேசானது, டேக்ரானோ கனத்தது. ஒரே எழுத்துப் பொறித்த இரு கயிறுகளை வாங்கியவன், ஒன்று கோலுக்குப் பொருந்த, மற்றொன்று பொருந்தாமை கண்டு திகைத்தான். எனவே 1961-இல் அமெரிக்கத் தூண்டிற்கருவி உற்பத்தியாளர் சங்கம் புதிய அளவையை வகுத்தது. கயிற்றின் முதல் 30 அடியின் எடையைக் கிரெயின் கணக்கில் நிறுத்து, அதற்கேற்ப எண் இட்டனர். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. பத்தாம் எண் 280 கிரெயின், பதினொன்று 330, பன்னிரண்டு 380.

மஸ்கிக்குரிய முள் ஓர் அடி நீளம்கூட இருக்கும். நீரை உறிஞ்சும், காற்றை எதிர்க்கும். ஆகவே ஒன்பதடிக் கோலில் பத்து அல்லது பதினோராம் எண் தக்கது. ஆனால் இவ்விடத்தில் எண்ணை மட்டும் நம்பலாகாது. மஸ்கிக் கயிறுகளில் கனம் முன்புறக் குறும்பகுதியில் திரட்டப்பட்டிருக்கும். பத்தாம் எண் கோலுக்கென விற்பனவற்றுள் 350 கிரெயினுக்கு மேற்பட்டனவும் உள. ஆதலின் உறையில் அச்சிட்டுள்ள கிரெயினைப் படித்தே வாங்க வேண்டும். மீன் பல்லால் அறுக்காதபடி, முள்ளுக்கு முன் எஃகுக் கம்பி கட்டுதலும் வேண்டும்.

மெல்லிய கோலால் பெரிய மீனைப் பிடிப்பதே பெருமை எனச் சிலர் கருதுவர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. மஸ்கி பிடிப்போர் பலர் இன்று அதனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். மெல்லிய கோலில் நெடுநேரம் போராடிக் களைத்த மீன், விட்டபின்பும் இறக்கக்கூடும். வெதுவெதுப்பான கோடைநீரில் அவ்வச்சம் மிகுதி. வலிய கோல் அதனை விரைவிற் கரை சேர்த்து உயிருடன் திருப்பி அனுப்புகிறது.

பல்லாண்டு மாணவர்க்கு அளவைகளைக் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். எதனை அறிய வேண்டுமோ அதனையே அளக்க வேண்டும். கனத்தை அறிய விரும்பியோர் பருமனை அளந்தனர். பட்டு மட்டுமே இருந்தவரை அது போதுமானதாயிற்று. பொருள் மாறியபோது அளவையையும் மாற்றினரே, அவ்வறிவு போற்றத்தக்கது.