எல்லை ஆற்றங்கரையில் ஒரு பல்கலைக்கழகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியில், டெக்சாஸ் மாநிலத்தையும் மெக்சிகோவையும் பிரித்துக்கொண்டு ரியோ கிராண்டே ஆறு கடலில் கலக்கிறது. அவ்வாற்றின் வடகரைச் சமவெளியை அங்கு வாழ்வோர் 'பள்ளத்தாக்கு' என்றே வழங்குவர். எடின்பர்க், மெக்காலன், ஹார்லிஞ்சன், பிரவுன்ஸ்வில் ஆகியவை அதன் முதன்மையான நகரங்கள். 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆறு எல்லையாக வகுக்கப்பட்டபோது, வடகரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் இருந்த இடத்திலிருந்தே வேறொரு நாட்டின் குடிகளாயினர். இன்றும் அப்பகுதி மக்களுள் பத்தில் ஒன்பது பேர் ஹிஸ்பானியர்.

இம்மக்களின் பிள்ளைகளுக்கென வளர்ந்த உயர்கல்வி நிலையம், 'டெக்சாஸ் பல்கலைக்கழகம் - ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு' என்னும் பெயரில் இன்று 30,000க்கும் மேற்பட்ட மாணவரைக் கொண்டு விளங்குகிறது. அதன் வளர்ச்சியை நிறுவனம், நிதி, மொழி என்னும் மூன்று நிலைகளில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கமும் பெயர்மாற்றங்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப்பாதையும் பாசனக் கால்வாய்களும் வந்தபின், பள்ளத்தாக்கு காய்கறிக்கும் நாரத்தை இனப் பழங்களுக்கும் பெயர்பெற்ற வேளாண் நிலமாயிற்று. தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் மெக்சிகோ வழியினர். அவர்தம் பிள்ளைகள் பல ஊர்களில் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டனர். அக்காலத்தில் 1926இல் பிரவுன்ஸ்விலிலும், 1927இல் எடின்பர்க்கிலும் ஈராண்டுக் கல்லூரிகள் தோன்றின. பின்னாளில் உருவான பல்கலைக்கழகத்தின் இரு வேர்கள் இவையே.

எடின்பர்க் கல்லூரி 1952இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு நிலையமாக உயர்ந்து, 'பான் அமெரிக்கன் கல்லூரி' எனப் பெயர் பெற்றது. 1971இல் அது பல்கலைக்கழகமாயிற்று. 1989இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குடும்பத்தில் இணைந்தது. பிரவுன்ஸ்விலிலும் 1991இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது.

மொழி நீக்கம் என்னும் பாடம்

பெயரில் 'பான் அமெரிக்கன்' என இரு கண்டங்களையும் தழுவி நின்ற அந்நிலையம், மாணவரின் தாய்மொழியைத் தழுவியதா என்பது வேறு வினா. டெக்சாஸ் மாநிலம் 1918இல் இயற்றிய சட்டம், பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக விதித்திருந்தது. பள்ளித் திடலில் ஸ்பானியம் பேசிய சிறுவர் தண்டிக்கப்படுவது அரைநூற்றாண்டுக் காலம் இயல்பான நடைமுறையாக இருந்தது. 1968 நவம்பரில், எடின்பர்க்குக்கு அண்மையிலுள்ள எட்கவுச்-எல்சா உயர்நிலைப் பள்ளி மாணவர் நூற்றுக்கு மேற்பட்டோர் வகுப்புகளை விட்டு வெளியேறிப் போராடினர். பள்ளியில் தம் மொழியைத் தண்டனை அச்சமின்றிப் பேசும் உரிமை அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று.

அதற்கு அடுத்த ஆண்டு பான் அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்றவர், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான குளோரியா அன்சல்டுவா. 1987இல் வெளிவந்த தம் நூலில் அவர் அக்கல்லூரி வாழ்வின் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். மெக்சிகோ வழி மாணவர் அனைவரும் பேச்சுப் பயிற்சி வகுப்புகள் இரண்டைக் கட்டாயமாகப் பயில வேண்டியிருந்தது. அவர்தம் ஆங்கிலத்தில் கலந்தொலித்த ஸ்பானிய ஒலிச்சாயலை அகற்றுவதே அவ்வகுப்புகளின் நோக்கம் என்கிறார் அவர். அக்கல்லூரி அம்மாணவருக்குக் கதவைத் திறந்தது; ஆனால் அவர்தம் நாவின் வழக்கை வாயிலிலேயே விட்டுவரச் சொன்னது.

நீதிமன்றம் வகுத்த கணக்கு

இரண்டாவது சிக்கல் நிதி. 1987இல் மெக்சிகோ வழி அமெரிக்கர் அமைப்புகளும் மாணவரும் சேர்ந்து, எல்லைப் பகுதியின் உயர்கல்வி புறக்கணிக்கப்படுகிறது என மாநில அரசின்மீது பிரவுன்ஸ்விலில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் வெளிப்பட்ட புள்ளிவிவரங்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. மாநில மக்களுள் சுமார் 20 விழுக்காட்டினர் எல்லைப் பகுதியில் வாழ்ந்தனர். அரசுப் பல்கலைக்கழக நிதியில் சுமார் 10 விழுக்காடே அப்பகுதிக்குச் சென்றது. மாநிலத்தில் இருந்த ஏறத்தாழ 590 முனைவர் பட்டப்படிப்புகளுள் மூன்று மட்டுமே அங்கு நடைபெற்றன. விரிவான மேற்படிப்புகளை வழங்கும் அரசுப் பல்கலைக்கழகத்தை அடைய, பிற பகுதி மாணவர் சராசரியாக 45 மைல் செல்ல, எல்லைப் பகுதி மாணவர் 225 மைல் செல்ல வேண்டியிருந்தது.

1992இல் விசாரணை நீதிமன்றம் வழக்காடியோர் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, சட்டத்துக்கு முரணான பாகுபாடு மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. வழக்கு தோற்றது, ஆயினும் அதன் விளைவு தோற்கவில்லை. வழக்கின் அழுத்தம் நீடித்த காலத்திலேயே மாநிலச் சட்டமன்றம் தென் டெக்சாசுக்கெனத் தனித்திட்டம் வகுத்துப் புதிய கட்டடங்களுக்கும் படிப்புகளுக்கும் நிதி ஒதுக்கத் தொடங்கியது. பல்லாண்டு வேண்டுகோள்களுக்கு அசையாத கணக்கேடு, வழக்குமன்றத்தில் விரித்து வைக்கப்பட்டபின் அசைந்தது.

வளாகத்துக்கு வந்த வேலி

2006ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் எல்லையில் வேலி எழுப்ப வகைசெய்தது. ஆற்றங்கரையில் அமைந்த பிரவுன்ஸ்வில் வளாகத்தின் ஒரு பகுதி அவ்வேலிக்குத் தெற்கே ஒதுங்கிவிடும் நிலை ஏற்பட்டது. அதன் தலைவராயிருந்தவர் ஜூலியட் கார்சியா. 1986இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் தலைமையேற்ற முதல் மெக்சிகோ வழிப் பெண்மணி என்னும் சிறப்புடையவர். வளாக நிலத்தில் நுழைய அரசு கேட்ட ஒப்புதலில் அவர் கையொப்பமிட மறுத்தார். நீதிமன்றம் வரை சென்ற அச்சிக்கல் 2008இல் உடன்பாட்டில் முடிந்தது.

இரண்டு மறைந்து ஒன்று தோன்றுதல்

டெக்சாசின் மேற்குப் பகுதியில் பல்கலைக்கழகங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள் உள்ளன. 1923இல் அங்கு எண்ணெய் கிடைத்தபின், அவ்வருவாயால் வளர்ந்த நிலைநிதி மாநில உயர்கல்வியின் பெருஞ்செல்வமாயிற்று. எடின்பர்க், பிரவுன்ஸ்வில் பல்கலைக்கழகங்களோ, குடும்பத்தில் பிந்திச் சேர்ந்தவையாதலின், மாநில அரசமைப்பின்படி அந்நிதிக்கு உரிமையற்றவை. இத்தடையைக் கடக்கச் சட்டமன்றம் கண்ட வழி புதுமையானது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு பல்கலைக்கழகங்களையும் கலைத்து, அவற்றின் இடத்தில் புதியதொன்றைப் படைத்தது. புதியது நிலைநிதிக்கு உரியதாயிற்று. 2015இல் அது மாணவரை ஏற்றது. 2016இல் அதன் மருத்துவக் கல்லூரியும் தொடங்கி, 2020இல் முதல் மருத்துவர்களைப் பட்டமளித்து அனுப்பியது.

இரு தலைமுறைக்குமுன் ஸ்பானிய ஒலிச்சாயலை அகற்ற வகுப்பு நடத்திய கல்லூரியின் வாரிசான இப்பல்கலைக்கழகம், இருமொழிப் புலமையும் இருபண்பாட்டு அறிவும் இருமொழி எழுத்தறிவும் தன் குறிக்கோள்கள் என அறிவித்துள்ளது. அதற்கென ஒரு நிறுவனத்தையும் அமைத்து, ஸ்பானியத்திலும் சில பாடங்களை நடத்துகிறது.

எண்ணிக்கையும் மொழியும்

அமெரிக்க உயர்கல்விச் சட்டம் 1992இல் திருத்தப்பட்டபோது, 'ஹிஸ்பானியருக்குப் பணிபுரியும் நிலையம்' என்னும் வகை வரையறுக்கப்பட்டது. முழுநேர அளவில் கணக்கிடப்படும் இளங்கலை மாணவருள் 25 விழுக்காட்டினராவது ஹிஸ்பானியராக இருத்தல் அதன் அடிப்படை. அவ்வளவுகோல் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணுகிறது. வகுப்பறையில் ஒலிக்கும் மொழியை எண்ணுவதில்லை. அன்சல்டுவா பயின்ற நாளில் இவ்வளவுகோல் இருந்திருந்தால், அவர்தம் கல்லூரி அதில் எளிதில் தேறியிருக்கும்.

ஆதலின் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் கல்விக்கூடத்தில் இடம்பெறுவது முதற்படி. உரிய நிதி பெறுவது இரண்டாம் படி. அவர்தம் மொழி, அறிவு ஈட்டும் கருவியாக அங்கு ஏற்கப்படுவது மூன்றாம் படி. பள்ளத்தாக்கின் மக்கள் முதலிரு படிகளை ஏற ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. மூன்றாம் படியில் இப்போதுதான் கால் வைத்துள்ளனர். வீட்டுமொழியோடு வகுப்பறைக்குள் நுழையும் மாணவரைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும், தம் பள்ளி எந்தப் படியில் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க இவ்வரலாறு துணைபுரியும்.