மண்ணில் இறங்கிய காரீயம்



நம்ம குழுக்களில் வீட்டுத்தோட்டம் போடாத வீடு குறைவு. டவுனில் கட்டிக்கொடுத்த பிள்ளைகளும் இப்போ வீட்டுக்குப் பின்னாடி கீரை விதைக்கிறாங்க. விதை, எரு பற்றியெல்லாம் விசாரிக்கிறோம். அந்த இடத்தில் முன்னாடி என்ன இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்டவர்களின் கதையைத்தான் எழுதுகிறேன்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். நான் சொல்வது காரீயம், பேட்டரிக்குள்ளே இருப்பது. உடம்பில் சேர்ந்தால் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குப்பை மாதிரி மக்கிப் போகாது. விழுந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும்.

1920களில் அமெரிக்காவில் இன்ஜின் தட்டாமல் ஓடுவதற்காக பெட்ரோலில் காரீயம் கலக்க ஆரம்பித்தார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. வண்டிப் புகையோடு வந்த காரீயம் ரோட்டோர மண்ணில் படிந்தது. பழைய பெயிண்டிலும் காரீயம் இருந்ததால், சுவர் உரிய உரிய அதுவும் மண்ணில் சேர்ந்தது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஹோவர்டு மீல்கி என்ற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் வீட்டுத்தோட்டத்து மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். 1983-ல் முடிவை வெளியிட்டார்கள். வண்டி நெரிசல் அதிகமான நகரத்து நடுவில்தான் காரீயம் அதிகம், வெளியே போகப் போகக் குறைவு. நடுவில் இருந்த வீடுகள் பெரும்பாலும் செங்கல் வீடுகள். அதனால் பெயிண்ட் மட்டும் காரணம் இல்லை, வண்டிப் புகையும்தான் என்று புரிந்தது.

நம்ம நாட்டில் காரீயம் இல்லாத பெட்ரோல் 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் வந்தது. 2000-ல் நாடு முழுக்கக் காரீய பெட்ரோல் நின்றது. உலகத்திலேயே கடைசியாக 2021-ல் அல்ஜீரியாவில் நின்றது. பெட்ரோலில் நின்றாலும் மண்ணில் விழுந்தது அப்படியே இருக்கிறது.

சரி, அந்த மண்ணை என்ன செய்வது? தோண்டி லாரியில் அள்ளிப் போனால் செலவு அதிகம், இன்னொரு ஊருக்குத்தான் தொல்லை. நியூ ஆர்லியன்ஸில் குழந்தைகள் விளையாடும் இடங்களில் ஆற்றுப் பக்கத்துச் சுத்தமான மண்ணைக் கொண்டுவந்து மேலே பரப்பினார்கள். ஓக்லாந்து நகரத்தில் சவுத் பிரெஸ்காட் என்ற பகுதியில் மீன் எலும்பைப் பொடி செய்து மண்ணில் கலந்தார்கள். எலும்பில் இருக்கிற பாஸ்பேட் காரீயத்தோடு சேர்ந்து அதைக் கட்டிவைக்கும். அப்புறம் உடம்பில் எளிதாகச் சேராது. அதன் மேல் நல்ல மண் போட்டு மூடினார்கள்.

இதை நான் தேடிப் படிக்கக் காரணம் என் தங்கச்சி. டவுனில் அவள் குடியிருக்கிற வீட்டுப் பின்பக்கம் முன்பு பழைய பேட்டரி உடைத்தார்களாம். "அக்கா, அங்கே அரைக்கீரை போடட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தத் தரையில் எதுவும் போடாதே, பிள்ளைகளையும் அங்கே விளையாட விடாதே, மாடியில் பையில் போடு என்று சொன்னேன். வேறு இடத்து நல்ல மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் கலந்து இப்போ பைகளில் வளர்க்கிறாள்.

ஒன்று கவனியுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்துதான் பார்ப்பார்கள். காரீயத்தைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். ரோட்டோரத் தோட்டமாக இருந்தால் கீரை, முள்ளங்கியை விட தக்காளி, கத்தரி, வெண்டை மேல். மண்ணில் எரு நிறையப் போடுங்கள். காயை நன்றாகக் கழுவி, கிழங்கைத் தோல் சீவிச் சமையுங்கள். தோட்டத்து மண்ணோடு பிள்ளைகள் கையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் கொடுக்கும் முன் குடும்பத்தை விசாரிக்கிறோம். விதை போடும் முன் மண்ணையும் விசாரிப்போம். டவுனில் இருக்கிற உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.