இராமானுஜனின் போர்வை: வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்காக ஒரு பழைய வரலாறு

 

கொஞ்சக் காலமாக நம் ஊரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் மாணவர் வீசாவில் குளிர் நாடுகளுக்குப் போகிறார்கள். நகையை அடகு வைத்து அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். போகும் வரைக்கும் கட்டணம், வீசா, வேலை என்று நிறையப் பேசுகிறோம். போன பிறகு அந்தக் குளிரில் பிள்ளை எப்படி வாழ்கிறது என்று பேசுவது குறைவு. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கணித மேதை இராமானுஜனின் பெயரைப் பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்தவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார். அப்போது வயது 26. அதற்கு முன் குடுமியை வெட்டி, கோட்டும் காற்சட்டையும் வாங்கிக்கொண்டார். ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

நமக்குக் குளிர் என்றால் நுவரெலியாதான். கேம்பிரிட்ஜின் குளிர்காலம் வேறு. டிசம்பரில் நடுப்பகலிலும் 7 பாகை செல்சியஸ் அளவுதான். நான்கு மணிக்கு முன்னரே மஃரிப் ஆகிவிடும். நம் ஊரில் மழை எவ்வளவு பெய்தாலும் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. அங்கே இருட்டும் குளிரோடு சேர்ந்து வருகிறது.

அந்தக் குளிரில் இராமானுஜனுக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த கல்கத்தா மாணவர் மஹலனோபிஸ் அவருடைய நண்பர். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர் இவர்தான். ஒரு நாள் இராமானுஜனின் அறைக்குப் போனவர், "இரவில் குளிர் தாங்குகிறதா?" என்று கேட்டார். மேலங்கியைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிப் போர்வைகள் பல இருந்தன. அந்த ஊர் வழக்கப்படி அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்புப் போட்டிருந்தார்கள். போர்வைகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. அந்த மெல்லிய மேல்விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு அவர் இரவுகளைக் கழித்திருக்கிறார். மஹலனோபிஸ் போர்வையை இழுத்துக் காட்டியதும் பிரச்சினை முடிந்தது.

பலர் இதை நகைச்சுவையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர்வை கட்டிலிலேயே இருந்தது. அதை எப்படிப் போர்த்துவது என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை, அல்லது கூச்சம். எழுதி வைக்காத பழக்கங்களைப் பிறநாட்டார் எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவரைவிட ஒரு குளிர்காலம் முன்னே வந்திருந்த இன்னொரு மாணவர். பெரிய பேராசிரியர் யாரும் அல்ல.

ஹார்டி அவரைக் கிட்டத்தட்ட தினமும் சந்தித்தார். பிற்காலத்தில் ஹார்டியே வருத்தத்துடன் ஒன்றை எழுதினார். இராமானுஜன் என்ன படித்தார், எப்படிக் கற்றார் என்று அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் ஆறேழு புதிய தேற்றங்களோடு வருபவரிடம் அதையெல்லாம் கேட்கத் தோன்றவில்லை என்றார். பாடத்தைப் பற்றியே கேட்காதவர்கள் படுக்கையைப் பற்றிக் கேட்பார்களா?

அடுத்தது சாப்பாடு. இராமானுஜன் கண்டிப்பான சைவம். கல்லூரிச் சாப்பாட்டை நம்பாமல் தன் அறையில் தானே சமைத்தார். 1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் தொடங்கியதும் மரக்கறிக்கும் தட்டுப்பாடு வந்தது. ஆனால் பட்டினியை விடப் பெரிய இழப்பு ஒன்றும் இருந்தது. கல்லூரிச் சாப்பாட்டு மண்டபம்தான் மாணவர்கள் ஒருவரையொருவர் பழகிக்கொள்ளும் இடம். அங்கே போகாதவர் தனிமைப்பட்டுப் போவார். ஹலால் தேடும் நம் பிள்ளைக்கும் இந்த நிலை வரலாம். மார்க்கத்தை விடச் சொல்லவில்லை. தனியாகச் சமைப்பவருக்குக் கூடிச் சாப்பிட ஆட்கள் வேண்டும் என்கிறேன்.

ஒரு தடவை இராமானுஜன் தானே சமைத்து விருந்து வைத்தார். மூன்றாம் முறை ரசம் ஊற்ற வந்தபோது விருந்தினர் போதும் என்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனவர் திரும்பவில்லை. சில நாள் கழித்து ஒக்ஸ்போர்ட்டிலிருந்து, பணம் அனுப்பும்படி தந்தி வந்தது. ரசத்துக்காக யாராவது ஊரை விட்டுப் போவார்களா? அந்த மனம் எவ்வளவு காலமாக உள்ளுக்குள் நொந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

வீட்டிலிருந்தும் ஆறுதல் இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. மனைவி ஜானகியின் கடிதங்களை மாமியார் இடையில் தடுத்துவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1917இல் நோயில் விழுந்து, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். 1918 தொடக்கத்தில் லண்டனில் சுரங்க ரயில் பாதையில் உயிரை விடத் துணிந்தார். ரயிலை நிறுத்தியதால் தப்பினார். அதே ஆண்டில்தான் ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது, டிரினிட்டி கல்லூரியும் கௌரவித்தது. வெளியே பட்டமும் புகழும், உள்ளே இப்படி ஒரு நிலை.

1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32. குளிர்தான் அவரைக் கொன்றது என்று சொல்வார்கள். அன்றைய வைத்தியர்கள் காசநோய் என்றார்கள். 1994இல் யங் என்ற வைத்தியர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றார். இந்தியாவில் இருந்தபோதே இராமானுஜனுக்கு வயிற்றுளைவு வந்திருந்தது. யங் சொன்னது சரியென்றால், அது அந்தக் காலத்திலேயே வைத்தியம் இருந்த நோய்.

அப்படியானால் அந்த நாட்டுக்கு முழுதாகப் பழகிவிட்டால் தப்பிக்கலாமா? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நம்மில் பலர் ஆங்கிலத்தில் குர்ஆன் வாசிக்கும்போது அப்துல்லாஹ் யூசுப் அலியின் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்திருப்போம். அவரும் கேம்பிரிட்ஜ் மாணவர்தான். இராமானுஜனுக்கு இருபதாண்டுகளுக்கு மேல் முன்னால், 1891இல் பம்பாயிலிருந்து புலமைப்பரிசில் பெற்று அங்கே போனார். ஆங்கிலேயரின் உடை, பேச்சு, பழக்கம் எல்லாம் அவருக்குக் கைவந்தது. சிவில் சேவையில் உயர் பதவியும் வகித்தார். ஆனால் கடைசிக் காலத்தில் குடும்பத்தை விட்டுப் பிரிந்து லண்டனில் தனியாக இருந்தார். 1953 டிசம்பரில் ஒரு நாள், தெருவில் ஆதரவற்றுக் கிடந்த அவரைப் பொலிசார் கண்டெடுத்தார்கள். அடுத்த நாள் வைத்தியசாலையில் வபாத்தானார். வோக்கிங் நகருக்கு அருகே புரூக்வுட் மையவாடியில் அடக்கப்பட்டார். அந்நாட்டுக் குளிருக்கு அவரைப் போல் பழகியவர் குறைவு. ஆனாலும் அவரை விசாரிக்க ஆள் இருக்கவில்லை.

மூன்றாவது உதாரணம் காந்தி. 1888இல் சட்டம் படிக்க லண்டன் போனபோது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. வந்து இறங்கியது வெள்ளை உடுப்பில். சுற்றிலும் யாரும் அப்படி உடுத்தியிருக்கவில்லை என்று வெட்கப்பட்டார். இறைச்சி தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்திருந்ததால் ஆரம்பத்தில் அரைப்பட்டினி. ஆனால் அவர் நடந்தார். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, பாரிங்டன் வீதியில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். பிறகு லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து அதன் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். எந்தச் சாப்பாடு அவரைத் தனிமைப்படுத்தியதோ அதுவே அவருக்கு நண்பர்களைத் தேடித் தந்தது. காந்திக்குப் போர்க்காலத் துன்பம் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் அவருக்கு ஒரு கூட்டம் கிடைத்தது.

இந்த மூவரையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான். குளிரை உடுப்பால் தாங்கலாம். விசாரிக்க ஆளில்லாத நிலையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

எனவே, பெற்றோரே, வட்ஸ்அப்பில் "மகன் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "ஓம் உம்மா" என்றுதான் பதில் வரும். நம் மனம் நோகக் கூடாது என்று பிள்ளை அப்படித்தான் சொல்லும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். இன்று யாரோடு சாப்பிட்டாய்? அறையில் ஹீட்டர் போடுகிறாயா, காசுக்குப் பயந்து நிறுத்தி வைத்திருக்கிறாயா? இந்தக் கிழமை யாரோடு பேசினாய்? மஹலனோபிஸ் கேட்டதும் இப்படியான கேள்விதான். கேட்டதோடு நிற்காமல் எழுந்து போய்க் கட்டிலையும் பார்த்தார். வீடியோ அழைப்பில் அறையைக் காட்டச் சொல்லுங்கள்.

போகும் பிள்ளைகளே, தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை. உலகமே வியந்த மூளைக்குப் போர்வை போர்த்தத் தெரியவில்லை. இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் இறங்கிய கிழமையே குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய மாணவர் சங்கம் இருக்கும், ஜும்ஆவுக்குப் போனால் அறிமுகம் கிடைக்கும். தமிழ் மாணவர் சங்கம் இருந்தால் அதையும் தேடிப் போங்கள். மனம் தளர்ந்தால் மறைக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள்.

ஏற்கெனவே அங்கே இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸகாத்துக்கு உரியவர்களின் வரிசையில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். பயணத்தில் இருப்பவன் ஊரில் எவ்வளவு வசதியானவனாக இருந்தாலும், போன இடத்தில் கையேந்தும் நிலை வரலாம் என்பதால்தானே. நீங்கள் ஒரு குளிர்காலம் முன்னே போனவர்கள். புதிதாக வருகிறவர் தோட்டத்துப் பிள்ளையோ பஸாரில் இருந்து வந்தவரோ, எந்தச் சமூகமோ, அவருடைய அறைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. பிள்ளையை அனுப்பக் காத்திருக்கும் குடும்பம் ஏதும் தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.