செஞ்சிக் கோட்டையில் ஒரு நாள்

நம் ஊரிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிப் பயணித்தால், செஞ்சி நகரை அடையும் முன்பே இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் எதிர்ப்படும். அவற்றை இணைக்கும் மதில்களின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். இத்துணை அருகில் இருந்தும் இக்கோட்டையின் வரலாற்றை நம் பிள்ளைகளில் பலர் அறியார்.

காலையிலேயே இராஜகிரியில் ஏறிவிடுதல் நலம். உச்சிக்குச் சற்று முன் ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். அதன்மேல் அமைந்த பாலத்தை அகற்றிவிட்டால் பகைவர் மேலே செல்ல இயலாது. மொகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் இக்கோட்டையை 1698இல் கைப்பற்ற ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட நேர்ந்தது. அதற்கு முன் நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர் ஆகியோரும், பின்னர் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதனை ஆண்டனர்.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் ஆகியவற்றோடு சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் உள்ளது. ஆற்காட்டு நவாபான இவர் 1714இல் தேசிங்கு ராஜாவைப் போரில் வென்றார். அதன் பின் 1717–18இல் இப்பள்ளிவாசல் எழுந்தது.

அப்போர் இரு மதங்களின் போர் அன்று. தேசிங்கின் தந்தை சொரூப்சிங், மொகலாயரால் நியமிக்கப்பட்ட கோட்டைத் தலைவர். அவருக்குப் பின் எழுந்த நிலுவைத் தொகை பற்றிய வழக்கே போரில் முடிந்தது. தேசிங்கின் உயிர்த்தோழர் மகபத்கான் ஒரு முஸ்லிம். தம் மணப்பந்தலிலிருந்தே எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் சென்று உயிர்நீத்தார் என்று தேசிங்குராஜன் கதைப்பாடல் அவரைப் போற்றுகிறது. வென்ற நவாபும் முஸ்லிம். தோற்ற மன்னனுக்காக மாண்ட தோழரும் முஸ்லிம். இதனை அறிந்தோர் வரலாற்றை மதச் சண்டையாகத் திரித்துரைப்போருக்குச் செவிசாய்க்கமாட்டார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளுள், மகாராஷ்டிரத்திற்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே.

பெற்றோர்களே, விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சுவர்களில் பெயர் கிறுக்காமல், குப்பை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலையும் கோயிலையும் ஒருசேரக் காட்டி, மகபத்கானின் கதையைச் சொல்லுங்கள். நம் முன்னோர் அண்டை அயலாரோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவர்கள் அங்கே கற்றுக்கொள்ளட்டும்.